கறிவேப்பிலை மரத்தில் ஒரு யேமன்காரன்

எங்கள் வீட்டுக்கு வந்த பச்சோந்தியின் பூர்வீகம் யேமன். பிறந்தது ஜெர்மனியில், யாரோ ஒரு வளர்ப்பாளரின் வீட்டு நிலவறையில். பிறகு எல்லை கடந்து டென்மார்க்குக்கு வந்து, எங்கள் நகரமான ஹோர்சன்ஸில் ஒரு டேனிஷ் குடும்பத்தோடு இருந்தது. அந்தத் தாயும் தகப்பனும் பிரிந்தபோது போக இடமில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது. டென்மார்க்குக்கு அகதியாய் வந்த எங்கட ஆக்களில் பாதிப் பேருக்குக் கிட்டத்தட்ட இதே வரலாறுதான். அதற்காக நாங்கள் அதைக் கட்டிப்பிடித்து வரவேற்றோம் என்று நினைக்கவேண்டாம். என் மனிசி முதல் நாளே சொல்லிவிட்டா:

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிற வேலை இது."

கட்டப்போகிற மடி என்னுடையது என்பதில் அவவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கொண்டுவந்தவள் மகள். மேல்பள்ளியில் அவளோடு படித்த சிநேகிதியின் செல்லப்பிராணி அது. அந்தப் பிள்ளை இனி ஒரு கிழமை தாய் வீட்டில், ஒரு கிழமை தகப்பன் வீட்டில். பச்சோந்தியையும் தூக்கிக்கொண்டு அலைய ஏலாது. பழைய கூடு வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டியதாம். வீட்டை விற்றபோது கூடும் போய்விட்டது. ஆகவே எங்களுக்கு வந்தது ஒரு காட்போட் பெட்டி, அதற்குள் ஒரு மரக்கிளை, கிளையைப் பிடித்தபடி பச்சோந்தி, தனியாக ஒரு பையில் இரண்டு விளக்குகள். பெட்டியைத் திறந்ததும் ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் மனிசியைப் பார்த்தது. ஒரே நேரத்தில் எங்கள் இருவரையும் கவனித்த முதல் விருந்தாளி அதுதான்.

இலங்கையில் போர் முடிந்த வருஷத்து வசந்தம் அது. முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்படி முடியும் என்றுதான் கதைக்காமல் இருந்தோம். மனிசியின் ஒரே தம்பி வன்னிக்குள் இருந்தான். வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை ரெலிபோன் எடுத்து, "இடம் மாறப்போறம் அக்கா, போய்ச் சேர்ந்திட்டு எடுக்கிறன்" என்றவன். அதன்பிறகு எடுக்கவில்லை. அவனிடம் இருந்தது எங்கள் வீட்டு ரெலிபோன் நம்பர் மட்டும்தான். ஆகவே மனிசி வீட்டைவிட்டு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டா. முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் வரவேற்பறையில், ஒரு பக்கம் ரெலிபோன், எதிரில் ரீவி.

அந்த வரவேற்பறை அப்போது எங்களுடையதாக இருக்கவில்லை. பின்னேரங்களில் ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சற்றலைட்டில் தமிழ்ச் செய்தி நன்றாக விழும் என்பது ஒரு காரணம். நிரந்தர உறுப்பினர்கள் இருவர். ஒருவர் எதிர் புளொக்கில் தனியாக இருந்த அண்ணை. இளைப்பாறியவர், இரண்டு கைகளும் இல்லாமல் அரசியல் கதைக்க முடியாதவர். மற்றவர் பெந்தகோஸ்து சபைக்குப் போகிற அக்கா. அவ ஒரு சட்டி சூப்போடு வந்து, மனிசியின் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டுப் போவா. சைவக்காரியான மனிசி அதற்கு "ஆமென்" சொல்லப் பழகியிருந்தா. எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாதபோது எல்லாக் கதவையும் தட்டுவதுதானே.

பச்சோந்தி வந்த அன்று பின்னேரமே அண்ணை அதைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, இதென்ன, பல்லியின்ர பெரியப்பாவோ?"

"பிள்ளையின்ர வேலை அண்ணை."

"பல்லி இல்லாத நாட்டில பல்லிச் சாதி ஒண்டு தானா வீடு தேடி வந்திருக்கு. சகுனம்தான். ஆனா செத்துக்கித்துப் போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ. வந்தது வீட்டுக்குள்ள செத்தா நல்லதில்லை."

சொன்னவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து ஒரு நாளில் வருகிற ஆயிரம் வசனங்களில் அதுவும் ஒன்று. மனிசிக்கு அப்படி இல்லை. அடுத்த நாள் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னால் வந்து சொன்னா:

"இஞ்சாருங்கோ. அது சாகக்கூடாது."

"எது?"

"அந்த ஓணான். அது செத்துதெண்டால் தம்பியும் இல்லை எண்டு நான் நினைச்சிட்டன்."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறீர்?"

"விசர்க்கதை எண்டு எனக்கும் தெரியும். ஆனா நினைச்சிட்டன். நினைச்சதை என்ன செய்யிறது?"

நான் திரும்பவும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினேன். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பக்கத்தைக் கிழித்து ரொக்கற் செய்து விட்டவன் நான். ஆனால் அன்று வேலைக்குப் போகும் முன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். வேலையிடத்திலிருந்து, உடம்பு சரியில்லாத பிள்ளையை விசாரிப்பதுபோல, வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். ரெலிபோன் அடித்ததும் மனிசி பாய்ந்து எடுத்திருக்கிறா. என் குரலைக் கேட்டதும் அவ விட்ட மூச்சு இப்போதும் காதில் இருக்கிறது. அதன்பிறகு வேலையிடத்திலிருந்து எடுப்பதை விட்டுவிட்டேன்.

ஆக, கூடு ஒன்று வேண்டும். அதுவும் உடனே. மரவேலை எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. நான் வேலைசெய்தது யன்னல் செய்யும் தொழிற்சாலையில். அங்கே என் வேலை, செய்து முடித்த யன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் சுற்றுவது. இந்த விபரத்தை வீட்டில் நான் விளக்கமாகச் சொன்னதில்லை.

முதல் யோசனை என்னுடையதுதான். எங்கள் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. எங்கட ஆக்களின் வீடுகளில் எல்லாம் இருக்கும்: மகளின் சாமத்தியச் சடங்குப் படம், வெள்ளிக் குத்துவிளக்கு, ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றப்படாத தேத்தண்ணிக் கோப்பைகள், பாரிசுக்குப் போய்வந்ததற்குச் சாட்சியாக ஒரு குட்டி ஈபிள் கோபுரம். அதன் மேல் இரண்டு தட்டுகளையும் காலியாக்கி, பின்பலகையில் ஓட்டை போட்டு விளக்கைப் பூட்டி, கிளையை வைத்து, ஒரு வெள்ளித் தம்ளரில் தண்ணியும் வைத்தேன். அழகாக இருந்தது. யேமன்காரருக்கு மாப்பிள்ளை அறை. கீழ்த்தட்டில் ஈபிள் கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டேன், காட்சிக்கு.

மாப்பிள்ளை உள்ளே போனதும் கறுத்தார். பச்சோந்தி நிறம் மாறும் என்று தெரியும். இப்படி அடுப்புக்கரி நிறத்துக்குப் போகும் என்று தெரியாது. கண்ணாடியில் தன்னையே கண்டு, வாயைத் திறந்து, உடம்பை ஊதி, சண்டைக்கு நின்றார். எதிரி எங்கே போனாலும் எதிரே நின்றான்.

மகள் பள்ளியால் வந்து பார்த்தாள். அவள் கோபம் வந்தால் டேனிஷில்தான் கதைப்பாள். அன்று கதைத்த டேனிஷ் என் மொழி வகுப்புகளில் சொல்லித்தராதது. அடங்கியபிறகு தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, அதுக்குக் காத்து வேணும். வலை வேணும். கண்ணாடி கூடாது."

"வெளியில குளிரல்லோ பிள்ளை? பாவம் எண்டு..."

"தம்ளர் ஏன்?"

"தண்ணி குடிக்க."

"அது தம்ளரில குடிக்காது. அது இலையில இருக்கிற துளியைத்தான் நக்கும். அசையாத தண்ணியை அதுக்குத் தண்ணி எண்டே தெரியாது."

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணி கொடுக்கும் பழக்கத்தில் வைத்தது. வந்தவருக்குத் தம்ளர் என்றால் என்னவென்றே தெரியவில்லை. நான் தம்ளரை எடுத்து அந்தத் தண்ணியை நானே குடித்தேன்.

இரண்டாவது கூட்டுக்கு மகள் கணினியில் தேடி விபரம் எடுத்துத் தந்தாள். நிலத்தில் வைக்கக்கூடாது, மனிதரின் தலைக்கு மேலே அது இருக்கவேண்டும், மேலிருந்து யாராவது பார்த்தால் பருந்து என்று பயந்துவிடும். நாலு பக்கமும் வலை. ஒரு மூலையில் சூடு, மற்ற மூலையில் குளிர்ச்சி. எங்கே இருப்பது என்று அதுவே முடிவுசெய்யும். அகதி முகாமில் எங்களுக்குக்கூட இந்த வசதி தரவில்லை என்றேன். மகள் சிரிக்கவில்லை.

கட்டடச் சாமான் கடையில் சட்டத்துக்கு மரமும் வலையும் வாங்கினேன். கம்பிவலை காலை வெட்டும் என்று மகள் திருப்பி அனுப்பினாள். பிளாஸ்ரிக் வலை வாங்கினேன். பல்கனியில் வைத்து இரண்டு சனி ஞாயிறு அடித்தேன், அறுத்தேன், ஒட்டினேன். கீழ் புளொக்கில் இருந்த டேனிஷ் கிழவர் தன் பல்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "படகா?" என்று கேட்டார். இல்லை, வீடு என்றேன். "நல்லது" என்று உள்ளே போய்விட்டார்.

கூட்டை வரவேற்பறையில் யன்னலோரம் ஒரு மேசைமேல் தூக்கி நிறுத்தியபோதுதான் கண்டேன், கதவு சுவர்ப்பக்கம் திறந்தது. திருப்பி வைத்தால் விளக்குப் பூட்டிய பக்கம் வெளிச்சத்துக்கு எதிராகப் போகிறது. அண்ணை கதிரையில் இருந்தபடி இரண்டு கைகளாலும் காற்றில் கூட்டைச் சுற்றிக் காட்டினார்.

"வீட்டுக்காரர் வெளியில வரக்கூடாதெண்டு கட்டினனீரோ, இல்லாட்டி உள்ள போகக்கூடாதெண்டோ?"

"வாஸ்து அண்ணை" என்றேன். பிறகு முன்பக்கத்தில் இன்னொரு கதவு வெட்டினேன். அந்தக் கூட்டுக்குக் கடைசிவரை இரண்டு வாசல்.

உள்ளே ஒரு உயிருள்ள மரம் வேண்டும் என்றாள் மகள். அப்போதுதான் மனிசி எழுந்துபோய், யன்னலோரம் நின்ற தன் கறிவேப்பிலைச் சாடியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து கூட்டுக்குள் வைத்தா.

இதன் பெறுமதி வெளியாட்களுக்கு விளங்காது. டென்மார்க்கில் கறிவேப்பிலை மரம் வைத்திருப்பது நிலபுலன் வைத்திருப்பதுபோல. குளிர்காலம் முழுக்க யன்னலோரம் வைத்து, கணப்படுப்பின் சூடு நேரே படாமல் பலகை மறைத்து, புளித்த மோர் ஊற்றி, இலையில் செதிற்பூச்சி வராமல் துடைத்து, நெஞ்சுயரத்துக்கு வளர்த்திருந்தா. வாறவர்கள் போகும்போது "ஒரு நெட்டு தாங்கோ" என்பார்கள். மனிசி முகத்தைப் பார்த்து, ஆளை நிறுத்து, அதற்கேற்ற அளவில் முறித்துக் கொடுப்பா. எனக்கே கேட்டுத்தான் கிடைக்கும். அந்த மரத்தைத்தான் ஒரு ஓணானுக்கு எழுதிக்கொடுத்தா.

யேமன்காரர் ஏறினார். ஒரு காலை வைத்து, யோசித்து, முன்னும் பின்னும் ஆடி, அடுத்த காலை வைத்து. ரயிலுக்கு நேரம் போனாலும் இப்படித்தான் நடப்பார் போல. உச்சிக்குப் போனதும் கறுப்புக் கழன்று, இலைக்குப் பக்கத்தில் இலை நிறத்துக்கு வந்தார். மனிசி கையைக் கட்டிக்கொண்டு கனநேரம் நின்று பார்த்தா. பிறகு எங்களுக்கு ஒரு வாரத்துக்குக் கறிவேப்பிலை இல்லாத பருப்பு.

அடுத்த பிரச்சினை ஆட்கள். கூட்டை வேறு அறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் மரத்துக்கு வெயில் விழுவது அந்த யன்னலில் மட்டும். ரீவியை மாற்றலாம் என்றால் ரெலிபோன் வயர் எட்டாது. மனிசி ரெலிபோனைவிட்டு எழும்பமாட்டா. மூன்றும் ஒரே அறையில்தான் இருக்கவேண்டும். அண்ணை ரீவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அதுக்குக் காது அவ்வளவு கேக்காது, ஆட்கள் கையைக் காலை ஆட்டினால்தான் பயப்படும் என்றாள் மகள். அவள் சொன்னதும் எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம்.

அதன்பிறகு அண்ணை எங்கள் வீட்டில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்து செய்தி பார்த்தார். கையில்லாமல் அவருடைய அரசியல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு வசனத்தைத் தொடங்கி, தோளை மட்டும் அசைத்து, பாதியில் விட்டுவிடுவார். அந்த நாட்களில் சொல்வதற்கு மிச்சமும் அதிகம் இருக்கவில்லை. மனிசி தன் பழைய நைலெக்ஸ் சீலை ஒன்றைக் கூட்டின் இரண்டு பக்கமும் மறைப்பாகக் கட்டினா. ஆட்கள் உள்ளே வரும்போது நடையை மெதுவாக்கினார்கள். யாரும் சொல்லாமலே குரலும் இறங்கிவிட்டது. தெரியாதவர் யாராவது வந்து பார்த்திருந்தால் உள் அறையில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்திருப்பார்.

சாப்பாட்டுக்கு மகள் உயிருள்ள குட்டி வெட்டுக்கிளிகளை வாங்கிவந்தாள். எலும்புக்குக் கல்சியம் வேண்டும் என்று ஒரு பைக்குள் வெள்ளைத்தூள் போட்டு, வெட்டுக்கிளிகளையும் போட்டுக் குலுக்குவாள். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வருவினம். ஒருநாள் அவற்றில் சில தப்பி, ஜெபித்துக்கொண்டிருந்த சபை அக்காவின் மடியில் விழுந்தன. கண்ணை மூடியபடி ஜெபித்தவ ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மற்றக் கண்ணையும் திறந்து, "ஆண்டவரே, எகிப்துக்கு அனுப்பினதை ஏன் ஹோர்சன்ஸுக்கு..." என்று அதே ஜெபக்குரலிலேயே கேட்டா. அன்று மனிசி சிரித்தா. ரெலிபோன் வராமல் போன பிறகு அவ சிரித்து நான் கண்டது அன்றுதான்.

ஆனால் யேமன்காரர் தண்ணி குடிக்கவில்லை.

காலையும் பின்னேரமும் மனிசி தெளிப்பான் போத்தலால் மரத்துக்கு மழை பெய்வித்தா. இலைகளில் துளி உருண்டு நின்றது. அவர் கிட்டப் போவார், நாக்கு நுனியை வைப்பார், உடனே இழுத்துக்கொள்வார். வாயைக் கிளையில் தேய்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடுவார். கண் உள்ளே போகத் தொடங்கியது. உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்த அந்தக் கண்கள் பள்ளத்தில் விழுந்தது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அதைப்பற்றி மனிசி முன்னால் கதைக்கவில்லை. மகள் மிருக வைத்தியரிடம் கேட்டாள். அவர் நாய், பூனை, ஆக மிஞ்சினால் குதிரைக்காரர். கூடத் தெளிக்கச் சொன்னார். கூடத் தெளித்தோம். கண் இன்னும் உள்ளே போனது.

மனிசி இரவிலும் காலையிலும் முதலில் பார்த்தது கூட்டை. ரெலிபோனை இரண்டாவதாகத்தான் பார்த்தா.

போர் முடிந்தது என்று ரீவியில் சொன்ன அன்று எங்கள் வரவேற்பறை நிறைந்திருக்கவில்லை. வழக்கமாக வருகிற பலர் தங்கள் தங்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். அண்ணையும் சபை அக்காவும் மட்டும் வந்திருந்தார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. மகள் பள்ளிக்குப் போகவில்லை. காட்டவேண்டியதை ரீவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அண்ணை தொடைக்குக் கீழே இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்தார். அவை ஆடவில்லை. யாரும் அழவில்லை. அழுவதற்கு ஒருவர் தொடங்கவேண்டும், யார் என்று தெரியவில்லை.

மனிசி எழுந்து ரீவியை நிற்பாட்டினா.

"இனி இதில பாக்க ஒண்டுமில்லை" என்றா. பிறகு கூட்டுக்கு முன்னால் போய் நின்று, "இது இண்டைக்கும் குடிக்கேல்லை" என்றா.

அந்த அறையில் இருந்த எங்களால் செய்யக்கூடியது ஏதாவது இருந்திருந்தால் அன்று செய்திருப்போம். இருந்தது இது ஒன்றுதான். நான் எழுந்துபோய், வெட்டிய இரண்டாவது வாசலைத் திறந்து, தலையை உள்ளே விட்டேன்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"காட்டிக்குடுக்கப்போறன். ஒருத்தரும் குடிச்சுக் காட்டாம அது எப்பிடிக் குடிக்கும்?"

எனக்கு வேறு யோசனை வரவில்லை. யேமன்காரர் என் மூக்குக்கு மேலே ஒரு கிளையில் இருந்தார். ஒரு கண் என்னைப் பார்த்தது. நான் நாக்கை நீட்டி, துளி நின்ற ஒரு கறிவேப்பிலையை அடியிலிருந்து நுனிவரை நக்கினேன். பின்னால் அண்ணை, "ஐயோ தங்கச்சி, இவருக்கும் விசர் பிடிச்சிட்டுது" என்றது கேட்டது.

கசந்தது. சும்மா கசப்பில்லை, தொண்டைவரை இறங்கி நின்ற கசப்பு. நான் தலையை வெளியே எடுக்கும் அவசரத்தில் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"வேப்பெண்ணெய்!"

ஊரிலிருந்து வந்த வேப்பெண்ணெய்ப் போத்தல் ஒன்று மனிசியிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் அதில் கொஞ்சம் எடுத்து, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணியோடு கலந்து, பூச்சி பிடிக்காமல் ஒவ்வொரு இலையாகத் துடைப்பது அவவின் வழக்கம். அதனால்தான் அந்த மரம் டென்மார்க்கில் நெஞ்சுயரம் வளர்ந்தது. மரத்தைக் கூட்டுக்குள் வைத்த பிறகும் அவ அதை விடவில்லை. விருந்தாளி குடியிருக்கிற மரம் துப்பரவாக இருக்கவேண்டும் என்று முன்பைவிடக் கூடத் துடைத்திருக்கிறா. நாங்கள் கூடக் கூடத் தெளித்தோம். துளியெல்லாம் வேப்பெண்ணெயில் உருண்டது.

"நான்தான் குடிக்க விடாமச் செய்தனான்" என்றா.

அப்போதுதான் அழத் தொடங்குவா என்று நினைத்தேன். அழவில்லை. "சாடியைத் தூக்குங்கோ" என்றா.

மகள் பச்சோந்தியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். நானும் அண்ணையும் மரத்தைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனோம். எங்கள் குளியலறை ஒருவர் குளிப்பதற்குக் கட்டியது. அதற்குள் ஒரு கறிவேப்பிலை மரமும், நான், மனிசி, அண்ணை, சபை அக்கா என்று நாலு பெரிய ஆட்களும். மனிசி இளஞ்சூட்டுத் தண்ணியைத் திறந்து, இலைக்கு இலை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக் கழுவினா. கறிவேப்பிலையில் எத்தனை இலை இருக்கும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. அண்ணை காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கீழ்க்கிளைகளைப் பிடித்தார். அக்கா நடுக்கிளை. எனக்குத் தரப்பட்ட வேலை, கழுவியதை நக்கிப் பார்த்து, கசக்குதா இல்லையா என்று சொல்வது.

"இன்னும் கசக்குது."

"எந்த இடம்?"

"நடுவில. அக்கான்ர பகுதி."

"நான் நல்லாத்தான் உரஞ்சினனான்" என்றா அக்கா. "இவரின்ர நாக்கில நிக்கிற கசப்பு அது. பிறவிக் குணம்."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணை, "இவர் நாக்கை நான் இருவது வருஷமாக் கேக்கிறன்."

மனிசி அந்தக் கிளையைத் திரும்பக் கழுவினா. ஒவ்வொரு முறை வரவேற்பறையில் ஏதாவது சத்தம் கேட்டாலும் தண்ணியை நிற்பாட்டி, காதைக் கொடுத்து, ரெலிபோன் இல்லை என்று கண்டு, திரும்பவும் திறந்தா. வெளியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் எடுத்து லைன் கிடைக்காத நாள் அது.

மரத்தைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. மகள் யேமன்காரரைக் கிளையில் விட்டாள். மனிசி புதுத் தண்ணி நிரப்பித் தெளித்தா. நாங்கள் எல்லாரும் சீலைக்குப் பின்னால் ஒளிந்து, இடுக்கால் பார்த்தோம். அவர் நெடுநேரம் அசையவில்லை. பிறகு கழுத்தை நீட்டி, ஒரு இலையின் நுனியில் நாக்கை வைத்தார். இழுத்துக்கொள்ளவில்லை. திரும்ப வைத்தார். வாயை மேலே தூக்கி, தொண்டை ஏறி இறங்க, விழுங்கினார். அடுத்த துளிக்குப் போனார்.

யாரும் கை தட்டவில்லை. அது பயந்துவிடும் என்று ஒரு காரணம். அக்கா மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றா. மனிசி "ஆமென்" என்றா. அதன்பிறகுதான் அவ நிலத்தில் குந்தி, சீலை முந்தானை போலத் தொங்கிய அந்த மறைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதா. பச்சோந்தி தொடர்ந்து குடித்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் நீளமானவை. யேமன்காரர் தேறினார். கண் வெளியே வந்தது. தோலுரித்தார். கறிவேப்பிலையின் இளந்தளிர்களைத் தின்னவும் தொடங்கினார், மனிசி விட்டுவிட்டா. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. செத்திருந்தால் அவ நினைத்தது ஒன்று. செத்துப்போகாமல் கொழுத்துக்கொண்டு இருப்பதற்கு அர்த்தம் என்ன? தம்பி இருக்கிறான் என்றால், ஏன் எடுக்கவில்லை? இப்படி ஒரு கணக்கை அவ போட்டுக்கொண்டிருக்கிறாவோ என்று நான் கேட்கவில்லை. முகாம்களுக்குள் போனவர்களின் பெயர்கள் ஆளுக்கு ஆள் வாய்வழியாக வந்தன. லண்டனில் ஒருவர் சொன்னது, கனடாவில் ஒருவர் கேட்டது. அவன் பெயர் ஒன்றிலும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவ மரத்துக்குத் தெளித்து, அது குடித்து முடியும்வரை நின்று பார்த்து, பிறகு வேலைக்கு வெளிக்கிட்டா.

கோடை விடுமுறை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. நான் பல்கனியில் இருந்தேன். மகள் கூட்டுக்குள் கையை விட்டபடி நின்றாள். ரெலிபோன் அடித்தது. மனிசி குசினியிலிருந்து மா பிசைந்த கையோடு ஓடிவந்து எடுத்தா. எடுத்ததும் ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்துவது அந்த மாதங்களில் பழகிப்போயிருந்தது.

"அக்கா."

அறை முழுக்க இரைச்சல். பின்னால் யாரோ, கெதியாய்க் கதைச்சிட்டுத் தாங்கோ என்று அவசரப்படுத்துவது கேட்டது. முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த கைபேசி. பின்னால் நிரையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று விளங்கியது.

"அக்கா, நான்தான். இருக்கிறன். சுகமாத்தான் இருக்கிறன்."

மனிசி ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. எத்தனை மாதமாக அவ கேட்க வைத்திருந்த கேள்விகள்: சாப்பிட்டியா, காயமா, யார் யார் கூட இருக்கினம், எங்க இருக்கிறாய். நான் பல்கனிக் கதவில் நின்று, கேள், கேள் என்று கையைக் காட்டினேன். அவ என்னைப் பார்த்தா. மகளைப் பார்த்தா. கூட்டைப் பார்த்தா.

"தம்பி, நாங்கள் இஞ்ச ஒரு ஓணான் வளக்கிறம்."

இரைச்சல்.

"என்னது அக்கா?"

"ஓணானடா. கறிவேப்பிலை மரத்தில விட்டிருக்கு. இப்ப நல்லாத் தண்ணி குடிக்குது."

பிறகு அவன் ஏதோ சொன்னான். பாதியை இரைச்சல் விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு செருமல் மாதிரிச் சத்தம் வந்து, லைன் போய்விட்டது.

மனிசி மா ஒட்டிய கையோடு ரெலிபோனைப் பிடித்தபடியே நின்றா. மகள் கூட்டைவிட்டு ஓடிவந்து, டேனிஷில், மாமா என்ன சொன்னவர், கடைசியா என்ன சொன்னவர் என்று கேட்டாள்.

"எனக்கு விசரோ எண்டு கேட்டவன்" என்றா மனிசி.

திரும்பி என்னைப் பார்த்து, இன்னும் ஒருமுறை சொன்னா:

"சிரிச்சவன். எனக்கு விசரோ எண்டு கேட்டுப்போட்டுச் சிரிச்சவன்."